கமெண்டுக்கு என்ன நிறம்

பின்னணியைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும்.
கறுப்பு என்றால் எந்தக் கறுப்பு?
சுத்தக் கறுப்பில் வெள்ளை எழுத்து
கண்ணை மூடிய பிறகும் இமைக்குள் ஓடுகிறது.
கொஞ்சம் நீலம் விட்டுக் கலக்கினேன்,
சொட்டு நீலம் அதிகமாகிப்போன வேட்டியைத்
திரும்ப அலசுவதுபோல
நாலு தடவை.

செக்காலை ரோட்டில் எங்கள் ஆபீசுக்குக் கீழே
பாத்திரக் கடை.
இரண்டு மணி வெயில்
வாசலில் அடுக்கிய எவர்சில்வர் குடங்களில் பட்டு
மாடிக்கு ஏறி வரும்.
அப்போது என் எடிட்டரில் ஒரு எழுத்தும் தெரியாது.
என் முகம் தெரியும்.
அதற்காகவே பகலுக்கு ஒரு வெளிர் தீம்,
அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில்.

சென்னையிலிருந்து கேட்டார்கள்:
காரைக்குடியில்தானே இருக்கிறீர்கள் உமையாள்,
செட்டிநாட்டுக் கலரில் ஒன்று பண்ணுங்களேன்.
பண்ணினேன்.
தரைக்கல்லின் பச்சை,
கண்டாங்கியின் அரக்கு, கடுகு மஞ்சள்.
திறந்தால் மெனு கார்டு.
ஒவ்வொரு ஃபங்ஷனுக்குப் பக்கத்திலும்
அரை பிளேட், முழு பிளேட் என்று
விலை தேடியது கண்.
அழித்துவிட்டேன்.

பக்கத்து மேசை தேனப்பன்
ரயில்வே பரீட்சை தேறி,
கண் சோதனையில்
புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்ணைச் சொல்லாமல்
திரும்பி வந்தவன்.
ஆறு மாதமாக நான் இழைத்து இழைத்து வைத்த
பிழையின் சிவப்பும்
ஸ்ட்ரிங்கின் பச்சையும்
அவனுக்கு ஒரே சாணி நிறமாம்.
மேற்கோள் குறிகளை எண்ணியே
இத்தனை நாளும் படித்திருக்கிறான்.

ஏன் சொல்லலை?

சொன்னா உடனே
எதையாவது தூக்கிக் காட்டி
இது என்ன கலர்னு கேப்பீங்க.
எல்லாரும் அதான் கேப்பாங்க.

கையிலிருந்த கொய்யாப்பழத்தை
மெல்லக் கீழே வைத்தேன்.

மறுபடி முதலிலிருந்து.
நீலமும் மஞ்சளும் எங்கள் இருவருக்கும் பொது.
பிழைக்கு நிறம் போதாது, நெளிகோடும் வேண்டும்.
எழுத்துக்கும் பின்னணிக்கும்
நாலரைக்கு ஒன்றாவது வித்தியாசம்.
இரவு எட்டு மணிக்கு
ஒவ்வொன்றாய் அவனிடம் காட்டினேன்.
தெரியுது. தெரியுது. இதுவும் தெரியுது.

கமெண்டுக்கு வந்தபோது
வழக்கம்போலச் சாம்பல்.

இது மட்டும் ஏங்க
யாருக்குமே தெரியாத மாதிரி வைக்கிறீங்க?

பதில் இல்லை.
எல்லாத் தீமிலும் அப்படித்தான்.
இயங்காத வரிகள், மெஷின் படிக்காதவை,
மனிதருக்கு மட்டும் எழுதியவை;
அவற்றைத்தான் மனிதர் கண்ணிலிருந்து
மங்கலாக்கி வைத்திருக்கிறோம்.

ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன்.
பச்சை மஞ்சளை அரிந்த நிறம்.
நிரல் முழுக்கப் பின்வாங்கி நிற்க
கமெண்டுகள் மட்டும் எரிந்தன.

சோதித்துப் பார்க்கக் கைக்கு வந்த ஃபைலைத் திறந்தேன்.
நகைக்கடன் வட்டிக் கணக்கு.
இந்தப் பக்கத்து அடகுக் கடைகள் பாதியில்
எங்கள் சாஃப்ட்வேர்தான்.
ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டாம் வரிக்கு மேல்
மஞ்சளாய்:

“மீட்கும் நாளை இரண்டு தரம் எண்ணுகிறது போல.
ஒரு நாள் வட்டி கூட விழுகிறது.
அப்புறம் பார்க்கிறேன். உமையாள்.”

தேதி நாலு வருஷத்துக்கு முந்தியது.

இந்த ஃபைலை வாரம் ஒருமுறையாவது திறந்திருப்பேன்.
சாம்பலைத் தாண்டிக் கீழே போயிருப்பேன்.

கடைக்காரர்கள் ஷட்டர் இறக்கும் சத்தம்
ஒவ்வொன்றாய்க் கேட்டது.
தேனப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

இது என்ன கலர்னு கேக்கலையே?

கேட்டேன்.

மஞ்சள், என்றான்.
எனக்கும் மஞ்சள்தான்.

பிறகு பட்டியலை எடுத்தோம்,
பழையதிலிருந்து.
முதல் ரசீது:
தோடு ஒரு ஜோடி, கல் வைத்தது, மூன்று கிராம்,
கடன் ஒன்பதாயிரம்.
கூடுதலாக வாங்கியது
இரண்டு ரூபாய் தொண்ணூற்றாறு காசு.
பெயர் இருக்கிறது. போன் நம்பர் இல்லை.
இரண்டாவது ரசீது.