ஸீ

ஹைபோங்கில் மழை. கடைக்கதவு பாதிதான் திறந்திருக்கிறது.
தோளில் மழலை பேசிக்கொண்டிருந்த லுவா
சட்டென்று அடங்குகிறாள்.
புருவம் சிவக்கிறது. ஒரு கால் மட்டும் விறைக்கிறது.

"அதுதான். அப்போதே பிடி" என்று
ஹியன் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.
தொடைகளைத் தாங்கி, வாளிக்கு மேலே,
உதட்டைக் குவித்து மெல்ல: ஸீ.
எனக்கு முன்பல் இல்லை. வெறும் காற்று.
மகள் என் வாயையே பார்க்கிறாள்,
குமாஸ்தாவின் தப்புக்குக் காத்திருக்கும் அதிகாரி மாதிரி.

கடைசியில் ஒரு சொட்டு. இரக்கத்தில்.

மதியம், யாருடையதோ கல்யாண உடை மேசையில்.
நீராவி இஸ்திரிப் பெட்டியை அழுத்தினேன்.
ஸீஸீஸீ...
என்ன உச்சரிப்பு!
முதுகில் வெதுவெதுவென்று இறங்கியது.
உடை தப்பியது.

இரவு ஹியன் கேட்டாள்:
இன்றைக்கு எத்தனை முறை பிடித்தாய்?
இரண்டு என்றேன்,
சட்டை பிடித்ததையும் சேர்த்து.