இடது கண்ணில் பீட்ரூட்

கிளியா என்றார் டாக்டர் ஞானசௌந்தரி.
கிளியா? என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
ஸ்கேன் படத்தில் மூளைக்குள்
பல்லி எச்சம் போல வெள்ளைப் புள்ளிகள்.

நரம்பு பேசும், கிளியா செல் பேசாது.
பக்கத்திலிருந்து ஊட்டும்,
குப்பை அள்ளும்,
நரம்பின் மேல் கொழுப்பைச்
சுற்றிச் சுற்றி உறை போடும்.
அந்த உறையைத்தான்
உங்கள் உடம்பே பகையென்று பிய்க்கிறது.
குப்பை அள்ள வந்ததும் சிலநேரம் மதம் பிடித்து
வீட்டையும் சேர்த்து அள்ளும்.
நட்சத்திர வடிவில் ஒன்று
காயத்தைப் பூசி மெழுகும்,
பூசியதே பிறகு வருகிறவர்களுக்குச் சுவர்.
ஒயரில் பிளாஸ்டிக் உரிந்த மாதிரி
என்று முடித்தார்.

நான் மின்வாரியத்தில் மீட்டர் எடுப்பவள்.
அம்மாப்பேட்டைச் சந்துகளில்
நாய்கூட என்னைப் பார்த்துக் குரைக்காது.
எங்கள் கம்பத்துக் கம்பியெல்லாம்
அம்மணமாகத்தான் ஓடுகிறது மேடம்,
விளக்கு எரியத்தானே செய்கிறது?
அதற்குச் சிரித்தார்.

மே மாதம்.
மீட்டரில் மூன்று எது எட்டு எது,
இடது கண்ணுக்குத் தெரியவில்லை.
மத்தியானம் இரண்டு மணிக்கு என் கால்
வேறு யாருடையதோ.
செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட் வாங்கி
வலது கண்ணை மூடினேன்:
பீட்ரூட் துருவல் ஈரச் சாக்கின் நிறம்.
மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன்.
கண்ணில் தூசியாம்மா என்றார் கடைக்காரர்.
ஆமாம் என்றேன்.

சூடு ஏறினால்
உறையில்லாத நரம்பில் சேதி நின்றுவிடும்
என்று மட்டும் சொல்லியிருந்தார் டாக்டர்.
மீதியைச் சோதிக்க
இன்னொரு செட்டைப் பார்சல் கட்டி
ஏற்காடு பஸ் ஏறினேன்.

ஐந்தாவது வளைவில் ஒன்றுமில்லை.
ஒன்பதில் முழங்கை குளிர்ந்தது,
முன்சீட்டுப் பையன் வாந்தியெடுத்தான்.
பதினான்கில்
கால் பெருவிரல் என்னிடம் திரும்பி வந்தது,
செருப்பின் வார் உறுத்தியது.
இருபதில் பொட்டலத்தைப் பிரித்தேன்.
சட்னி ஊறி நமத்திருந்தது தட்டுவடை.
வலது கண்ணை மூடினேன்.

சிவப்பு.
பல தடவை துவைத்த புடவையின் சிவப்புதான்,
ஆனாலும் சிவப்பு.
நமத்ததை அப்படியே தின்றேன்.

குணமாகவில்லை, தெரியும்.
மலை கொடுத்தது கைமாற்று.

புத்தகத்தில் ஒரு படம் காட்டியிருந்தார்,
யாரோ செத்தவருடைய மூளைத் துண்டு.
தழும்புகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும்
அரைச்சாயம் பிடித்து மங்கலாக.
உறை போனபின் இளைய கிளியாக்கள் வந்து
மறுபடி சுற்றிய இடமாம்.
முன்போல் இல்லை, மெல்லிசாக.
அதற்குப் பெயர் நிழல் தழும்பு.
அந்த மனிதருக்கு அது தெரிந்திருக்காது.
அன்று காலையில்
கொஞ்சம் நன்றாக நடக்கிறோமே என்று
நினைத்திருப்பார், அவ்வளவுதான்.

இறங்கும் பஸ்ஸில்
இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன்.
எந்த வளைவில் சிவப்பு போகிறது என்று
பார்க்கப் பிடிக்கவில்லை.
உள்ளே எங்கோ பேசாத ஒன்று
இன்றைக்கு ஒரு சுற்று சுற்றியிருக்கலாம்,
சுற்றாமலும் இருக்கலாம்.
ரீடிங் எடுக்கலாமென்றால்
அந்த வீட்டில் மீட்டர் இல்லை.