ஆறு

கல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் போனேன்.
எங்கள் பர்கூர்த் தண்ணீருக்கு
வீட்டுக்கு ஒருத்தர் வயிற்றிலாவது கல் உண்டு.

மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க.
ஸ்கேன் எடுக்கிற இம்தியாஸ் தம்பி
மூன்றாவது தடவை
விடுங்க என்று சொல்ல மறந்துவிட்டான்.

கல் இல்லை.
மண்ணீரலுக்குப் போகிற தமனியில் ஒரு வீக்கம்,
இரண்டு புள்ளி நான்கு சென்டிமீட்டர்.
ரொம்ப அபூர்வம்மா, என்றார் டாக்டர்,
பரிசு விழுந்த சீட்டைப் படிக்கிறவர் போல.
திரையில் அந்தக் குழாய்
தொப்பூர்க் கணவாயாக வளைந்து வளைந்து போனது.
ஒரு வளைவில், சாயப்போகும் லாரி.

எத்தனை பிள்ளைங்க?
ரெண்டு.
அதில்லம்மா, எத்தனை தடவை உண்டானீங்க?

என் வீட்டுக்காரர், பேரையே சொல்கிறேன், திம்மராயன்,
சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

ஆறு, என்றேன்.

ரேஷன் அட்டையில் இரண்டு.
தானாக நின்றுபோனது ஒன்று.
ராத்திரி வாடகைக் காரில் போய்
விடிவதற்குள் திரும்பி
பால் பீய்ச்சப் போன நாட்கள் மூன்று.
ஒவ்வொரு தடவையும் ரத்தம் கூடும்,
குழாய்ச் சுவர் இளகும், என்றார் டாக்டர்.
எந்தத் தாளிலும் ஏறாத கணக்கை
எது எழுதி வைத்திருக்கிறது பாருங்கள்.

ஆனி, ஆடியில் எனக்கு மாங்கூழ் ஃபேக்டரியில் வேலை.
பெல்ட்டில் ஓடும் பெங்களூராப் பழத்தைக்
கட்டைவிரலால் அழுத்த வேண்டும்.
தோல் மினுங்கும், நிறம் சரியாக இருக்கும்,
காம்புக்குப் பக்கத்தில் ஓரிடம் மட்டும்
விரலுக்கு வழிவிடும்.
அதை எடுத்து எறிவேன்.
நாளைக்கு நாலாயிரம் பழம்.

தொடை வழியாக ஒரு நூல் விட்டு
பிளாட்டினச் சுருளால் அடைத்துவிடலாமாம்.
பிளாட்டினமா, எத்தனை கிராம் சார்,
கேட்டது இவர்தான்.
காப்பீட்டு அட்டை அத்திப்பள்ளியைத் தாண்டாது.
அதனால் பெங்களூர் இல்லை, சேலம்.

வியாழக்கிழமை பஸ்.
காவேரிப்பட்டணத்தில் பாலம்,
கீழே மணலும் நாணலுமாக ஆறு.
தர்மபுரியில் டீ.
பிறகு கணவாய் இறக்கம்,
முன்னால் கிரானைட் ஏற்றிய லாரி,
பிரேக் வாடை ஜன்னல் வழியாக.

என் வயிற்றின் மேல் கை வைத்தார்.
எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு.

எடுங்க, என்றேன்.
எடுத்துவிட்டார்.

அடுத்த வளைவில்
நானே வைத்துக்கொண்டேன்.