பனி தரையிலேயே இருக்க வேண்டும்

விதி பதினேழு: பனி தரையிலேயே இருக்க வேண்டும்.
வானத்துக்கு இதன் நகல் இன்னும் போகவில்லை.

டுலூத்துக்கு வடக்கே, ஏரிக் காற்று காதைக் கடிக்கிற பள்ளியில்
இடைவேளைக் காவல் எனக்கு. பதினோரு வருடம்.
ஒரு விசில், ஒரு ஆரஞ்சு மேலங்கி,
மூன்று பிரதி விழும் விபத்துப் படிவம்.

முன்பு இங்கே ஊஞ்சல் இருந்தது.
ஓர் அக்டோபர்க் கடைசியில்
கெல்லன் ஸ்ட்ராண்ட் உச்சியில் போய்க் கையை விட்டான்.
ஏழு வயது. பறந்து பார்க்க வேறு காரணம் வேண்டுமா?
மணிக்கட்டு ஒடிந்தது. அழவில்லை.
"எவ்வளவு தூரம் போனேன்?" என்றான்.
ஒன்பதடி என்றேன், குத்துமதிப்பாக.

வழக்குப் போட்டது அவன் வீட்டார் என்றது ஊர்.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரவு வேலை அவன் அம்மாவுக்கு.
பள்ளிமேல் வழக்குத் தொடுத்தால்தான் பில் கட்டுவோம் என்று
காப்பீட்டுக் கம்பெனி அவளுக்கு எழுதிய கடிதத்தை
ஊர் படிக்கவில்லை.
எய்தவன் எங்கோ கண்ணாடிக் கட்டடத்தில்.
அம்பு என்று பேர் வாங்கியது
இரண்டாம் வகுப்புப் பையன்.

வாக்குமூலம் எடுத்த அறைக்கு ஜன்னல் இல்லை.
"மேற்படி சிறுவன் மேற்படி ஊஞ்சலை விடுத்த கணத்தில்
தாங்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?"
ஒரு குழந்தைக்கு ஜிப் போட்டுக்கொண்டிருந்தேன்.
"எந்தக் குழந்தை?"
இஃப்ரா. ஒன்றாம் வகுப்பு. ஜிப்பின் பல்லில் நூல் சிக்கியிருந்தது.
"எத்தனை நொடி?"
நூல் சிக்கினால் எத்தனை நொடி ஆகும், நீங்களே சொல்லுங்கள்.
"கேள்வி கேட்பது நாங்கள்."
தட்டச்சுக்காரி அதையும் தட்டினாள்.

தொகை எவ்வளவு என்று வெளியே சொல்லக் கூடாது என ஒரு தாள்.
கையெழுத்துப் போட்டோம்.

வசந்தத்தில் ஊஞ்சல் போயிற்று. கம்பங்களை அறுத்தார்கள்;
வேர் மாதிரி நாலு துண்டு சிமென்டுக்குள் இன்னும் இருக்கிறது.
பிறகு ஓட்டம் போயிற்று.
தொட்டு விளையாடுவது மட்டும் தொடாமல் நடந்தது.
நாலடி தள்ளி நின்று "தொட்டேன்" என்று வாயால் சொல்ல வேண்டும்.
"இல்லை, தொடலை."
"தொட்டேன், நீ பார்க்கலை."
தீர்ப்புக்கு என்னிடம் வந்து நிற்பார்கள்
மூக்கு ஒழுகும் ஆறு வயது வக்கீல்கள்.
பெரியவர்கள் குழந்தைகளின் உடையைத் தொடக் கூடாது
என்பது விதி பன்னிரண்டு.
அது என் ஜிப்பின் பேரில் வந்தது.
சாத்தாத ஜாக்கெட்டுகள் எதிரே நின்று நடுங்கும்;
நான் வாயால் சொல்லிக்கொடுப்பேன்: கொக்கியைப் பிடி, உள்ளே விடு, இழு.

கெல்லன் இப்போது ஐந்தாவது.
ஊஞ்சலைக் கொன்றவன் என்று நேரில் யாரும் சொல்வதில்லை.
அணி பிரிக்கும்போது மிஞ்சிவிடுவான், அவ்வளவுதான்.
வேலியோரம், அறுபட்ட கம்பத்தின் இரும்பு வட்டத்தை
பூட்ஸால் துடைத்துக்கொண்டிருப்பான்.

நேற்று நல்ல பனி.
ஈரப்பனி, பிடித்தால் பிடித்தபடி நிற்கும்.
டூ கெர் வாங், போன வாரம் சேர்ந்தவன், கதை தெரியாதவன்,
ஒரு பிடி அள்ளி உருட்டினான்.
"பனி தரையிலேதானே இருக்கணும்?"
ஆமாம்.
"நான் தரையிலேதானே நிக்கறேன்?"
எங்கள் பள்ளியின் வக்கீலுக்கு இது தோன்றவில்லை,
மணிக்கணக்கில் பணம் வாங்கியும்.

உருண்டையைத் தூக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தான்.
தனியாக நின்றவன் கெல்லன்தான்.
கெல்லன் தன் மணிக்கட்டைப் பார்த்தான், அப்புறம் என்னை.
பையில் படிவம் கனத்தது.

நான் திரும்பி நின்றேன்.
என் ஜாக்கெட் ஜிப்பைக் கீழே இறக்கினேன்,
மறுபடி ஏற்றினேன், பல் பல்லாக, கழுத்து வரைக்கும்.
முதுகுக்குப் பின்னால் பொத்தென்று ஒரு சத்தம்,
கூடவே ஒரு சிரிப்பு.
மூன்று வருடமாகக் கேட்காத குரல்;
யாருடையது என்று சாட்சி சொல்ல மாட்டேன்.

எத்தனை நொடி என்று கேட்டால்
நூல் சிக்கிக்கொண்டது என்பேன்.