சும்மா நேரம்

படிவத்தின் பதினான்காம் கட்டம் கேட்கிறது:
'தங்கள் ஆராய்ச்சியின் தாக்கம்,
இருநூறு சொற்களுக்கு மிகாமல்.'

மேற்கோள்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு.
தெஹ்ரானில் ஒருவர் என் இரண்டாம் தேற்றத்தை
மூன்று வரியில் சுருக்கிவிட்டார், பொறாமைப்படும் அழகோடு.
போலந்தில் ஒரு துறைமுகம்
கப்பல்களை என் வரிசையில் நிறுத்துகிறதாம்.
அவர்களில் யாருக்கும் தெரியாது,
கட்டுரையில் 'முதல் நேர்வு' என்று நிற்பது
காரைக்குடி டெப்போ என்று;
அறுபத்து மூன்று வண்டி, இருநூற்றுப் பதினொரு நடை,
கார்பன் மை விரலில் ஒட்ட
நான்கு வாரம் நான் புரட்டிய டிரிப் ஷீட்டுகள் என்று.

அதில் ஒரு நிரல்.
கல்லலில் ஏழு நிமிடம், புதுவயலில் ஒன்பது,
தேவகோட்டை ரஸ்தாவில் ஐந்து.
வண்டி நிற்கிறது. ஓடவில்லை, ஆள் ஏற்றவில்லை.
நிரலுக்கு ஒரு தலைப்பு வேண்டியிருந்தது,
'சும்மா நேரம்' என்று தட்டினேன்.
சமன்பாட்டுக்குள் போனதும் அது ஓர் எழுத்து,
காலடியில் இரண்டு பொடிக் குறியீடு தொங்க.
சிறிதாக்கு என்றேன்.
சிறிதாகிச் சிறிதாகிப் பூஜ்யத்தில் போய் உட்கார்ந்தது.
இதற்கு மேல் குறையாது என்று நிரூபிக்கவும் செய்தேன்.
ஆறு வண்டி மிச்சம்.
கிளை மேலாளர் லட்டு வாங்கிக் கொடுத்தார்.

பத்து வருஷம் கழித்து, சித்திரையில்,
கல்லலில் ஒரு கல்யாணம் முடிந்து திரும்புகிறேன்.
டிரைவருக்குப் பின் இருக்கை.
செம்புறை மண் அடுப்புக்கல்லாகக் காந்துகிறது.
கண்ணாடி ஓரம் காய்ந்த எலுமிச்சம்பழம்,
பக்கத்தில் ஒரு லிட்டர் தண்ணீர், மூடி முறியாமல்.
'குடிக்கலயா?' என்று கேட்டேன்.
சேவுகப்பெருமாள் கியர் மாற்றினார்.
கண்டக்டர் சூசைமாணிக்கம்தான் சொன்னார்:
'குடிச்சா எறங்கணும்ல மேடம்.
முன்னெல்லாம் கல்லல்ல ஏழு நிமிசம் நிக்கும்.
இப்ப வந்த காலோட திருப்பணும்.
அண்ணனுக்குக் கல்லு, ரெண்டு தடவ எடுத்தாச்சு.
எவனோ கம்ப்யூட்டர்ல போட்டானாம் இந்த டைம.'

எவனோ.
அந்த ஆண்பாலுக்குள் ஒளிந்துகொண்டேன்.
டிக்கெட்டை நாலாக மடித்தேன், எட்டாக மடித்தேன்.
அந்த நான்கு வாரமும் டெப்போவில்
பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது.
நானும் தண்ணீர் குடிக்காமல்தான் எண்ணினேன்.
அதுவும் தரவு என்று
தோன்றவே இல்லை.

வண்டி இரண்டு ஐம்பத்து மூன்றுக்கு நுழைந்தது.
அட்டவணையிலும் இரண்டு ஐம்பத்து மூன்று.

அடுத்த கட்டுரையில் அந்த எழுத்தைத் திருப்பிப் போட்டேன்:
ஏழுக்குக் குறையக் கூடாது.
மதிப்பீட்டாளர் கேட்டார், ஏன் ஏழு, ஏன் ஆறில்லை?
நடந்து போக ஒன்றரை, வரிசையில் இரண்டு,
முகம் கழுவ, ஒரு மடக்கு டீ
என்று எழுதி, அழித்து,
'களத்தில் கண்டது' என்று பதில் போட்டேன்.
அந்தக் கட்டுரைக்கு மேற்கோள் மூன்று. அதில் ஒன்று நான்.

டெப்போவுக்கும் எடுத்துப் போனேன்.
லட்டு கொடுத்தவர் மாற்றலாகியிருந்தார்.
என் புது விடை இரண்டு வண்டி கூடுதலாகக் கேட்டது.
சந்தையில் புளிக்குப் பேசுவது போல் பேசினோம்.
நாலு நிமிடம் தந்தார்கள், கல்லலுக்கு மட்டும்.
புதுவயல் இன்னும் பூஜ்யம்தான்.

கட்டத்தில் கப்பல்களை எழுதினேன்.
தெஹ்ரானை எழுதினேன், ஆறு வண்டியையும்.
நூற்றுத் தொண்ணூற்றாறு ஆயிற்று.
மிச்சமிருந்த நாலு சொல்லில்:
சேவுகப்பெருமாள் தண்ணீர் குடிக்கிறாரா, தெரியவில்லை.