டிரான்ஸ்பார்மர் முனை

லூசியானாவுக்கு எதையும் எண்ணில் சொல்ல வேண்டும்.
தோலின் கனத்தை மில்லிமீட்டரில் கேட்பவள்
சித்ரா பௌர்ணமியையும் அப்படித்தான் கேட்டாள்:
பூப்பல்லக்கு பார்க்க எந்த செக்டர் நல்லது?

ராணிப்பேட்டை, ஷூ கம்பெனி கேன்டீன்.
தட்டில் மிச்சமிருந்த சாம்பாரைத் தொட்டு
கார்னிவல் தெருவை வரைந்து காட்டினாள்.
ஒரே நேர்கோடு. ரெண்டு பக்கமும் சிமெண்ட் படி.
முன்னால் உட்கார்ந்தால் ஆட்டம் இன்னும் சூடேறியிருக்காது,
கடைசியில் உட்கார்ந்தால் ஆடுகிறவர்களுக்குக் கால் ஓய்ந்திருக்கும்,
ஒன்பதுதான் சரி.
அங்கிருந்து பார்த்தால்
மேளக்காரர்கள் ஒதுங்குகிற வளைவு தெரியும்.

வேலூர் நேர்கோடு இல்லையே, என்றேன்.

மண்டித் தெருவில் மிளகாய்க் கடை ஓரம் வேண்டாம்:
பல்லக்கு வரும் நேரம் பார்த்துத் தும்மல் வரும்.
வெல்ல மூட்டை மேல் உட்காரலாம்.
முதலாளி ஒன்றும் சொல்ல மாட்டார்,
எறும்புதான் சொல்லும்.
ஜவுளிக்கடை மாடியில் காற்று உண்டு, பாத்ரூம் உண்டு,
சாமியின் உச்சந்தலை மட்டும் தெரியும்.
கோட்டை எதிரே அகலம்;
அகலமான இடத்தில் கயிறும் போலீசும் வந்துவிடும்.
நகைக்கடைப் படியில்
எட்டு மணிக்கே தண்ணீர் ஊற்றிவிடுவார்கள்,
யாரும் குந்தக் கூடாதென்று.

டிரான்ஸ்பார்மர் முனை, என்றேன்.
அங்கே ஒயர் தாழ்ந்திருக்கும்.
ஒவ்வொரு பல்லக்கும் பத்து நிமிஷம் நின்றுதான் ஆக வேண்டும்.

நின்றால் மார்க் போய்விடுமே, என்றாள்.
நடுவில் இடைவெளி விழுந்தாலே
அவர்கள் ஊர் நடுவர்கள் பென்சிலைத் தூக்கிவிடுவார்களாம்.
எங்களுக்கு நிற்பதைப் பார்க்கத்தான் கூட்டமே
என்று சொல்லிவிட்டு,
பெருமையாகச் சொன்னோமோ, சாக்காகச் சொன்னோமோ என்று
ஷிப்ட் முடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

பத்தரைக்கு ஒரு மதில் கிடைத்தது.
மேலே கண்ணாடிச் சில்லு பதிக்காத நாலடி.
பக்கத்தில் ஒரு குடும்பம், எவர்சில்வர் தூக்கில் புளிசாதம்.
'தள்ளிக் குந்துங்கமா, வெள்ளக்காரம்மாவுக்கு எடம் உடுங்க.'
வெள்ளைக்காரி இல்லை என்று லூசியானா
தன் கருத்த முழங்கையை நீட்டிக் காட்டினாள்.
அந்தம்மா அதைத் தொட்டுப் பார்த்து
ஒரு உருண்டை சாதம் வைத்தார்.

முதல் பல்லக்கு வந்தது.
லைன்மேன் ஏகாம்பரம் கவட்டைக் கழியோடு தயாராக நின்றார்.
தெருவே அணைந்தது.
ஜெனரேட்டரும் ஒருமுறை இருமி நின்றுவிட
பல்லக்கு இருந்த இடத்தில்
சாமந்தி, சம்பங்கி,
ஈரத் துணி சுற்றிய மல்லிகை,
வியர்வை, மூங்கில்.
மேளம் மட்டும் இருட்டைக் கண்டுகொள்ளவில்லை.

லூசியானா கைப்பையில் தட்டிக்கொண்டிருந்தாள்,
பம்பைக்கு அரை அடி தள்ளி, வேறு ஏதோ கணக்கில்.
பிறகு என் காதருகே:
நான் போனதே இல்லை.
என் ஊர் தெற்கே, செருப்பு செய்கிற ஊர்.
ரியோவுக்கு ஒரு பகல் ஒரு ராத்திரி பஸ்.
ஒன்பதாம் செக்டரை டிவியில்தான் தெரியும்.

நானும் சொல்லிவிட்டேன்.
பிறந்தது சைதாப்பேட்டை, வேலூர் சைதாப்பேட்டை.
முப்பத்தாறு வருஷமாக
சின்னம்மா வீட்டு மாடியில் பெண்களோடு பெண்ணாக
உச்சந்தலை பார்த்தவள் நான்.
மண்டி, எறும்பு, நகைக்கடைப் படி எல்லாம்
தம்பிகள் விடிகாலையில் வந்து சொன்னவை.

'கரண்ட் வந்துச்சி' என்று தெருவே கத்தியது.
நாங்கள் இறங்கி, முண்டியடித்து, நிமிர்ந்தபோது
பல்லக்கு ஒயரைத் தாண்டியிருந்தது.
முன்பக்கம் சாமி.
எங்களுக்குக் கிடைத்தது முதுகு:
சணல் கட்டு, கொக்கி, பழைய பேனர் துணி,
குழந்தையைத் தோளில் போட்டபடி
ஆணியைப் பல்லில் கடித்திருந்த ஓர் ஆள்.

லூசியானா கைதட்டினாள்.
இன்னும் ஆறு பல்லக்கு இருக்கிறது என்று
மதிலுக்குத் திரும்பினோம்.
எங்கள் நாலடியில்
அந்தம்மாவின் பேரன் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

காலையில் கம்பெனி பஸ் அந்த வழியாகப் போனது.
ஒயரில் ஒரு முழம் சம்பங்கி
சிக்கித் தொங்கியது.
லூசியானா ஜன்னலைத் தட்டி
ஒன்பது விரல்களை விரித்துக் காட்டினாள்.