பதினொரு வீதம்

நெடுங்கேணிக்கு அங்கால், கரண்ட் போய் மூன்று மணித்தியாலம்.
திரை வெளிச்சத்தைக் குறைத்தேன்
என் முகமே அதில் தெரியும் மட்டும்.
வைஃபையை நிறுத்தினேன்.
இந்தக் காட்டில் அது யாரைத் தேடிக் களைக்கிறது?
எழுத்துகளின் கீழ் எரிந்த விளக்கு,
அலுவலக அட்டவணைகள், எல்லாம் மூடினேன்.
பதினொரு வீதம்.

தவமலர் அக்கா
யானை மிதித்த வாழைகளை
ஒவ்வொன்றாய்ச் சொல்கிறா:
இது குலை தள்ளினது,
இது தள்ள இருந்தது,
இது கதலி, குட்டி வைச்சு ஆறு மாசம்.

'மொத்தத்தைச் சொல்லுங்கோ அக்கா.'
'மொத்தமாவோ தம்பி நட்டனான்?'

ஏழு.
படிவத்தில் வாழைக்கு ஒரேயொரு கட்டம்.

நாலு வீதத்தில் சேமித்து மூடிவிட்டேன்.
அக்கா ரோச் லைற்றோடு
பின்வரிசைக்குப் போய்விட்டா.
இருட்டுக்குள்ளிருந்து
இன்னும் எண்ணிக் கேட்கிறது.

பையைத் துழாவுகிறேன்,
எங்கேயோ ஒரு பேனை கிடந்தது.